தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சியில் வேலைக்குச் சேர்வது எப்படி: ஆவணங்கள், செலவு, காலம்

2018-இல் சங்கரன்கோவிலிலிருந்து சென்னைக்கு வந்து, ஒரு செய்தித் தொலைக்காட்சியில் பதினொரு மாதம் பயிற்சித் துணை ஆசிரியராக வேலை பார்த்தேன். சம்பளம் மாதந்தோறும் கையில் வந்தது. நியமனக் கடிதம் மட்டும் வரவில்லை. "அடுத்த மாதம் தருகிறோம்" என்ற சொல்லை நம்பிக் காத்திருந்துவிட்டு வேறு நிறுவனத்துக்கு மாற முயன்றபோது, அந்தப் பதினொரு மாத உழைப்புக்கு ஒரு தாள் அளவுக்குக்கூடச் சான்று இல்லை என்பது தெரிந்தது. புதிய இடத்தில் மீண்டும் தொடக்கநிலை ஊதியத்திலேயே சேர வேண்டியிருந்தது. இந்தத் துறைக்கு வர விரும்பும் உங்களுக்கு அந்த இழப்பு நேரக் கூடாது என்பதற்காக, படிப்பை முடித்த நாளிலிருந்து முதல் சில ஆண்டுகள் வரை செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

1. எந்த இருக்கைக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள்

"தொலைக்காட்சியில் வேலை வேண்டும்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் செய்தி வாசிப்பாளரையோ, கையில் மைக்குடன் நிற்கும் செய்தியாளரையோதான் மனத்தில் வைத்திருக்கிறார்கள். ஒரு செய்தி அறை இரண்டு பாதிகளாக இயங்குகிறது. செய்தியைத் திரட்டும் பாதி இன்புட். செய்தியாளர்கள், ஒளிப்பதிவாளர்கள், அவர்களை அங்கும் இங்கும் அனுப்பும் அசைன்மென்ட் டெஸ்க் ஆகியவை அதில் அடங்கும். வந்த செய்தியை எழுதி, வெட்டி, வரிசைப்படுத்தி ஒளிபரப்பும் பாதி அவுட்புட். செய்தியை எழுதும் துணை ஆசிரியர்கள், காட்சிகளை வெட்டும் விஷுவல் எடிட்டர்கள், திரையின் அடியில் ஓடும் ஸ்க்ரோல் வரிகளை எழுதுவோர், செய்திகளின் வரிசையை அமைக்கும் ரன்டவுன் ப்ரொட்யூசர், ஒளிபரப்பை இயக்கும் கட்டுப்பாட்டு அறையான பிசிஆரில் அமரும் பேனல் ப்ரொட்யூசர் ஆகியோர் அதில் இருக்கிறார்கள்.

புதியவர்களுக்குக் கதவு அகலமாகத் திறந்திருப்பது அவுட்புட்டில்தான். ஸ்க்ரோல், துணை ஆசிரியர், அசைன்மென்ட் உதவியாளர் ஆகிய மூன்றில் ஒன்றுக்கு விண்ணப்பியுங்கள். வாசிப்பாளர் இருக்கைக்கு நேரடியாக விண்ணப்பித்து ஓராண்டை வீணாக்கியவர்களை நான் அறிவேன். அதே காலத்தில் டெஸ்கில், அதாவது அலுவலகத்துக்குள் செய்தி எழுதும் பணியில் சேர்ந்து, இரவுப் பணியில் தலைப்புச் செய்தி வாசிக்கக் கிடைத்த வாய்ப்பைப் பயன்படுத்தித் திரைக்கு வந்தவர்களையும் அறிவேன்.

அரசு நிறுவனங்களான அகில இந்திய வானொலியும் தூர்தர்ஷனும் செய்திப் பிரிவுக்குத் தற்காலிக அடிப்படையில் ஆட்களைத் தேர்ந்தெடுத்துப் பட்டியல் வைத்திருக்கின்றன. அந்த அறிவிப்புகள் எப்போதாவதுதான் வரும். தேர்வானாலும் மாதத்தில் சில நாள்களுக்கே பணி கிடைக்கும் என்பதால், அதைத் துணை வருமானமாக மட்டும் கருதுங்கள்.

2. படிப்பு

ஏதேனும் ஒரு பட்டம் போதும். விஷுவல் கம்யூனிகேஷனோ இதழியலோ படித்திருந்தால் சொற்களும் கருவிகளும் பழகியிருக்கும். தமிழ் இலக்கியம், பொருளாதாரம், சட்டம் படித்தவர்களும் செய்தி அறைகளில் நன்றாகவே நிலைத்திருக்கிறார்கள். பட்டத்துக்குப் பின் ஓராண்டு படிக்க வசதி உள்ளவர்களுக்குத் தரமணியிலுள்ள ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம், தமிழ்நாடு அரசு 2025-இல் தொடங்கிய சென்னை இதழியல் நிறுவனம் ஆகியவை இருக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் இதழியல் துறை உண்டு. கட்டணம் ஆண்டுதோறும் மாறுவதால், அந்தந்த ஆண்டின் கையேட்டை வாங்கிப் பார்த்து, உதவித்தொகைக்கான கடைசி நாளைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்; அது சேர்க்கைக்கான கடைசி நாளுக்கு முன்பே முடிந்துவிடக்கூடும்.

மூன்று மாதத்தில் செய்தி வாசிப்பாளர் ஆக்குவதாகவும், வேலைக்கு உத்தரவாதம் தருவதாகவும் சொல்லிப் பெருந்தொகை கேட்கும் பயிற்சி மையங்களைத் தவிர்த்துவிடுங்கள். நான் பார்த்த எந்தச் செய்தி ஆசிரியரும் அத்தகைய சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பார்த்ததில்லை.

3. பெயரையும் ஆவணங்களையும் ஒன்றாக்குங்கள்

இந்தப் படிக்கு இரண்டு மாதம் ஒதுக்குங்கள். நம் ஊரில் பெயருக்கு முன் தந்தையின் முதலெழுத்தைப் போடும் வழக்கம் இருப்பதால், மதிப்பெண் சான்றிதழில் முதலெழுத்தாகவும், பான் அட்டையில் தந்தையின் முழுப்பெயராகவும், ஆதாரில் முதலெழுத்தே இல்லாமலும் ஒரே ஆள் மூன்று பேராகப் பதிவாகியிருப்பார். வேலையில் சேரும் நாளில் வருங்கால வைப்பு நிதிக் கணக்கு ஆதாரோடு இணைக்கப்படுகிறது. அங்கே பெயரோ பிறந்த தேதியோ பொருந்தாவிட்டால், பின்னாளில் பணம் எடுக்கவோ மாற்றவோ முயலும்போது விண்ணப்பம் திரும்பத் திரும்ப நிராகரிக்கப்படும். எனக்கு அதைச் சரிசெய்ய ஐந்து மாதம் ஆனது.

எனவே பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரையும் பிறந்த தேதியையும் அடிப்படையாக வைத்து, மற்றவற்றை அதற்கு ஏற்றபடி மாற்றுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறையும், பிறந்த தேதியை ஒரு முறையும் மட்டுமே மாற்ற முடியும் என்பதால், விண்ணப்பப் படிவத்தில் ஒவ்வோர் எழுத்தையும் சரிபார்த்த பிறகே ஒப்புதல் கொடுங்கள். ஆதார் திருத்தக் கட்டணம் நூறு ரூபாய்க்குள் அடங்கும். பான் திருத்தத்துக்கு நூற்றுச் சொச்சம் ரூபாய் ஆகும்.

கையில் இருக்க வேண்டியவை: பத்து, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ்கள், தற்காலிகப் பட்டச் சான்றிதழும் எல்லாப் பருவங்களின் மதிப்பெண் பட்டியல்களும், ஆதார், பான், உங்கள் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்கு, பாஸ்போர்ட் அளவு வண்ணப் படங்கள் எட்டு. இவற்றோடு இருசக்கர வாகன ஓட்டுநர் உரிமமும் வேண்டும். களத்துக்குப் போக வேண்டிய வேலைக்கு உரிமம் உள்ளவருக்கே முன்னுரிமை கிடைக்கிறது. பழகுநர் உரிமம் எடுத்து முப்பது நாள் கழிந்த பிறகே ஓட்டிக் காட்டும் தேர்வுக்குப் போக முடியும். பழகுநர் உரிமம் ஆறு மாதமே செல்லும். ஆகவே கல்லூரியின் கடைசிப் பருவத்திலேயே இதைத் தொடங்கிவிடுவது நல்லது.

மூலச் சான்றிதழ்களை எந்த நிறுவனத்திடமும் விட்டுவைக்காதீர்கள். சரிபார்க்கக் காட்டலாம், நகல் கொடுக்கலாம், அதோடு மூலத்தைத் திரும்பப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். "ஓராண்டு இருப்பீர்கள் என்பதற்குப் பிணையாக" என்று ஒரு நிறுவனம் என்னிடம் கேட்டது. நான் மறுத்தேன்; வேலை கிடைக்கவில்லை. அதற்காக இன்றுவரை வருந்தியதில்லை.

4. தமிழ்த் தட்டச்சும் மொழிபெயர்ப்பும்

குரல் வளத்தைக் காட்டிலும் உங்கள் தட்டச்சு வேகமே முதல் வேலையை வாங்கித் தரும். தமிழ்99 விசைப்பலகையை யூனிகோடில் பழகுங்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் வீதம் ஆறு வாரத்தில் கை படிந்துவிடும், செலவு ஏதும் இல்லை. ஆங்கில எழுத்தை அடித்துத் தமிழை வரவழைக்கும் முறையில் பழகியவர்கள் பிரேக்கிங் செய்தி வரும்போது தடுமாறுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

அடுத்தது மொழிபெயர்ப்பு. பி.டி.ஐ., ஏ.என்.ஐ. போன்ற செய்தி முகமைகளின் ஆங்கிலச் செய்தியைக் காதில் கேட்டதும் புரியும் தமிழாக மாற்ற வேண்டும். நாள்தோறும் மூன்று செய்திகளை எடுத்து, ஒவ்வொன்றையும் இருபது நிமிடத்துக்குள் எழுதி, பிறகு வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியத்தை வெட்டுங்கள். என் வாசிப்பில் முப்பது விநாடிக்கு ஏறத்தாழ ஐம்பது சொற்கள் வந்தன. உங்கள் கணக்கை நீங்களே கண்டுபிடித்து வையுங்கள், ஏனென்றால் டெஸ்கில் "முப்பது செகண்டுக்கு எழுது" என்றுதான் சொல்வார்கள்.

புதியவர்கள் வழக்கமாக விழும் குழிகள் சில உண்டு. ஒரு மில்லியன் என்பது பத்து லட்சம். அவசரத்தில் ஒரு கோடி ஆக்கிவிடுவார்கள். நீதிமன்றம் தீர்ப்பைத் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைத்ததும், வழக்கு விசாரணையை வேறொரு நாளுக்குத் தள்ளிவைத்ததும் ஒன்றல்ல. கைதானவரைக் குற்றவாளி என்று எழுதக் கூடாது. தீர்ப்பு வரும்வரை அவர் குற்றம் சாட்டப்பட்டவர்தான்.

5. மாதிரிக் காணொளி

இரண்டு முதல் மூன்று நிமிடம் போதும். கைப்பேசியைக் கிடைமட்டமாக வைத்து, சட்டையில் குத்தும் சிறு மைக் ஒன்றைப் பயன்படுத்தி எடுங்கள். அந்த மைக்குக்கு ஆயிரம் ரூபாய் அளவில் செலவாகும், வேறெதற்கும் பணம் செலவிட வேண்டியதில்லை. முதல் முப்பது விநாடியில் உங்கள் ஊரின் உண்மையான பிரச்சினை ஒன்றைப் பற்றிக் கேமராவைப் பார்த்துப் பேசுங்கள். நாங்கள் இதைப் பிடிசி என்கிறோம். அடுத்து, மூன்று பேரின் பைட்டுகளும் (சிறு பேட்டித் துண்டுகள்) உங்கள் பின்னணிக் குரலும் சேர்ந்த ஒன்றரை நிமிடச் செய்தித் தொகுப்பு, அதாவது பேக்கேஜ் ஒன்று. கடைசியில் நான்கு தலைப்புச் செய்திகளின் வாசிப்பு.

ல, ள, ழ மூன்றும் தெளிவாக வேறுபட்டு ஒலிக்க வேண்டும். ர, ற வேறுபாடும் அப்படியே. தென்மாவட்ட வாடை என் பேச்சில் இருந்தது; அதை மறைக்க முயன்று செயற்கையாகப் பேசிய மாதிரியை ஆசிரியர் ஒருவர் பாதியிலேயே நிறுத்திவிட்டார். ஊர் வாடை இருப்பதில் தவறில்லை, எழுத்தின் ஒலி பிழைபடக் கூடாது என்று அவர் விளக்கியதை அப்படியே உங்களுக்குச் சொல்கிறேன்.

6. எப்போது, எப்படி விண்ணப்பிப்பது

விளம்பரத்தை மட்டும் நம்பியிருந்தால் வாய்ப்புகளில் பாதி தெரியாமலே போய்விடும். கல்லூரியின் கடைசி ஆண்டில் ஒரு மாதமோ இரண்டு மாதமோ செய்தித் தொலைக்காட்சி ஒன்றில் உள்பயிற்சி செய்யுங்கள். கல்லூரித் துறைத் தலைவரின் கடிதம் இருந்தால் பெரும்பாலும் அனுமதிப்பார்கள், ஊதியம் இருக்காது. அங்கே ஓர் இடம் காலியாகும்போது முதலில் நினைவுக்கு வருவது முன்பு அங்கே ஒழுங்காக வேலை செய்த மாணவர்தான்.

தேர்தலுக்கு முந்தைய ஐந்தாறு மாதங்களில் ஆள்சேர்ப்பு மும்முரமாக நடக்கும். அந்தக் காலத்தில் சேர்வது எளிது. ஆனால் கடிதத்தில் பணியின் முடிவுத் தேதி குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 2019 மக்களவைத் தேர்தலுக்காக எங்களோடு சேர்க்கப்பட்டவர்களில் சிலர், மே 23 அன்று முடிவுகள் வந்த மறுமாதமே வெளியேற வேண்டியிருந்தது.

மாவட்டத்திலிருந்தபடியே செய்தியாளராக விரும்புகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மைக்குக்கும் அடையாள அட்டைக்கும் முன்பணம் கேட்கிறவர்களுக்கும், மாதம் இத்தனை ரூபாய்க்கு விளம்பரம் பிடித்துத் தர வேண்டும் என்கிறவர்களுக்கும் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். செய்திக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுத் தரும் முறையில் சேர்ந்தால், தொகை, பெட்ரோல் செலவு, பணம் வரும் தேதி மூன்றையும் மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள்.

7. தேர்வும் நேர்காணலும்

ஒரே நாளில் முடிந்துவிடும் என்று எண்ணி ஊருக்குத் திரும்பும் பயணச்சீட்டை எடுத்துவிடாதீர்கள். காலையில் மொழிபெயர்ப்பும் தலைப்பு எழுதுதலும் கொண்ட எழுத்துத் தேர்வு, பிற்பகலில் குரல் தேர்வு, மறுநாள் ஆசிரியருடன் நேர்காணல் என்று எனக்கு நடந்தது. முந்தைய பத்து நாள் செய்திகளை ஊன்றிப் படித்துவிட்டுப் போங்கள். அமைச்சர்களின் துறைகள், மாவட்டங்களின் எண்ணிக்கை போன்றவற்றைத் தவறாகச் சொன்னால் மற்றவை எவ்வளவு நன்றாக இருந்தாலும் மதிப்பு குறைந்துவிடும். நேர்காணலுக்கும் சேரும் நாளுக்கும் இடையே மூன்று வாரம் முதல் இரண்டு மாதம் வரை ஆகலாம்.

8. நியமனக் கடிதம் இல்லாமல் முதல் நாளைத் தொடங்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். கடிதத்தில் பதவியின் பெயர், சேர்ந்த தேதி, பயிற்சிக் காலத்தின் அளவு, அது முடிந்தபின் நிரந்தரமாக்கும் முறை, ஊதியப் பிரிப்பு, விலகுவதற்கான அறிவிப்புக் காலம் ஆகிய ஆறும் இருக்க வேண்டும். பயிற்சிக் காலம் ஆறு மாதம் என்பது வழக்கம். அறிவிப்புக் காலம் மூன்று மாதம் என்று இருந்தால் ஒரு மாதமாக்கக் கேளுங்கள். தொடக்கநிலை ஊழியருக்கு அதை மாற்றித் தருவது அவர்களுக்குக் கடினமில்லை.

ஊதியம் தருவதில் இரண்டு வகை உண்டு. முதலாவது, உங்களை ஊழியராகச் சேர்ப்பது. நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு மாதம் 20,000 ரூபாய் என்று சொன்னால், அதில் அடிப்படை ஊதியம் 10,000 என்று வைத்துக்கொள்வோம். வைப்பு நிதிக்கு உங்கள் பங்கு 12 விழுக்காடு, அதாவது 1,200 ரூபாய். நிறுவனத்தின் பங்கு 1,200 ரூபாயும் அந்த இருபதாயிரத்துக்குள்ளேயே அடங்கிவிடும். மாத ஊதியம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு இ.எஸ்.ஐ. என்னும் மருத்துவக் காப்பீட்டுப் பிடித்தமும் உண்டு, உங்கள் பங்கு 0.75 விழுக்காடு, நிறுவனத்தின் பங்கு 3.25 விழுக்காடு; அதுவும் அந்த இருபதாயிரத்துக்குள்ளேயே வரும். எல்லாம் போகக் கையில் வருவது ஏறத்தாழ 16,870 ரூபாய். இருபதாயிரம் வரும் என்று எண்ணி அறை பார்த்தவர்கள் முதல் மாதத்திலேயே கடன்படுகிறார்கள்.

இரண்டாவது வகை, உங்களை ஊழியராக அல்லாமல் கன்சல்டன்ட் என்றோ ரீடெய்னர் என்றோ குறிப்பிடுவது. அதில் வைப்பு நிதியும் இ.எஸ்.ஐ.யும் இல்லை, அதற்குப் பதிலாக 10 விழுக்காடு டி.டி.எஸ்., அதாவது முன்கூட்டிய வருமான வரி பிடிப்பார்கள். இருபதாயிரத்தில் பதினெட்டாயிரம் கைக்கு வருவதால் முதல் பார்வைக்கு இதுவே மேலாகத் தோன்றும். பிடித்த வரியைத் திரும்பப் பெற ஆண்டுதோறும் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். மருத்துவப் பாதுகாப்பு இருக்காது. முழுநேரப் பத்திரிகையாளராகப் பணியாற்றியதற்குச் சான்று கேட்கும் இடங்களில் இந்தக் காலம் எடுபடுமா என்ற கேள்வியும் எழும். வேறு வழியில்லாமல் இதில் சேர்ந்தால், ஓராண்டுக்குப் பின் ஊழியராக மாற்றுவார்களா என்பதை எழுத்தில் கேளுங்கள்.

வைப்பு நிதிக்கு நான் அழுத்தம் கொடுப்பதற்குச் சேமிப்பு மட்டும் காரணமில்லை. மாதாமாதம் நிறுவனத்தின் பெயரோடு பணம் வரவு வைக்கப்பட்ட கணக்குப் புத்தகம், நீங்கள் அங்கே வேலை செய்ததற்கான அசைக்க முடியாத ஆதாரம். என் இரண்டாவது நிறுவனத்தில் அனுபவச் சான்றிதழ் தாமதமானபோது, அந்தக் கணக்கைக் காட்டித்தான் மூன்றாவது இடத்தில் சேர்ந்தேன். சேர்ந்த இரண்டாம் மாதமே யூ.ஏ.என். என்னும் உங்கள் வைப்பு நிதி எண்ணைச் செயல்படுத்தி, பணம் உண்மையில் கட்டப்படுகிறதா என்று பாருங்கள். சம்பளச் சீட்டில் பிடித்தம் காட்டிவிட்டுக் கணக்கில் கட்டாமல் விடும் இடங்களும் இருக்கின்றன.

பத்திரிகையாளர்களுக்கான 1955-ஆம் ஆண்டுச் சட்டம் நாளிதழ்களில் பணியாற்றுவோரையே கருத்தில் கொண்டிருந்தது. அதன்கீழ் அமைந்த ஊதியக் குழுவின் பரிந்துரைகளும் தொலைக்காட்சிக்குப் பொருந்தவில்லை. தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் பற்றிய 2020-ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் மின்னணு, டிஜிட்டல் ஊடகங்களில் பணியாற்றுவோரையும் உழைக்கும் பத்திரிகையாளர் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. கடிதத்தில் உங்கள் பதவி இதழியல் பணியாகக் குறிக்கப்பட்டிருப்பது இதனால் முக்கியமாகிறது; "நிர்வாக உதவியாளர்" என்று இருந்தால் திருத்தச் சொல்லுங்கள்.

9. முதல் மூன்று மாதச் செலவு

மாதத்தின் நடுவில் சேர்ந்தால் முதல் சம்பளம் அடுத்த மாத இறுதியில்கூட வரலாம். ஆகவே விடுதி முன்பணம், இரண்டு மாத வாடகை, சாப்பாடு, பெட்ரோல் ஆகியவற்றுக்காகக் குறைந்தது நாற்பதாயிரம் ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு சென்னைக்கு வாருங்கள். நான் பதினையாயிரத்தோடு வந்தேன். ஊரில் அம்மா நகையை அடகு வைக்க வேண்டியதாயிற்று.

அறையை அலுவலகத்திலிருந்து நான்கைந்து கிலோமீட்டருக்குள் பாருங்கள். அதிகாலைப் பணி ஐந்து, ஆறு மணிக்குத் தொடங்கும். மெட்ரோ ரயிலின் முதல் வண்டியே காலை 5 மணிக்குத்தான். பிற்பகல் பணி இரவு பத்து, பதினொன்றுக்கு முடியும். பெண்கள் இரவுப் பணிக்கு வாகன வசதி உண்டா என்பதை நேர்காணலிலேயே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் தவறாக நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம். கேட்க வேண்டிய கேள்வி அது.

10. டெஸ்கிலிருந்து களத்துக்கு

ஓராண்டு முதல் இரண்டு ஆண்டுக்குள் களத்துக்கு மாறக் கேட்கலாம். முதலில் பொதுச் செய்திகளுக்கு அனுப்பி, பிறகு ஒரு பீட், அதாவது நீங்கள் தொடர்ந்து கவனிக்க வேண்டிய ஒரு துறை கொடுப்பார்கள். வேப்பேரியில் காவல் ஆணையர் அலுவலகம், பாரிமுனையில் உயர் நீதிமன்றம், ரிப்பன் மாளிகையில் மாநகராட்சி, கோட்டையில் தலைமைச் செயலகம் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பழக்கம் இருக்கிறது. புதியவருக்கு நான் பரிந்துரைப்பது மாநகராட்சி. சாலை, மழைநீர் வடிகால், குப்பை என்று மக்களின் அன்றாடத்தைத் தொடும் செய்திகள் அங்கே கிடைக்கின்றன. ஆவணங்களைப் படிக்கும் பழக்கமும் அங்கேதான் வரும்.

களத்துக்குப் போவதற்கு முன் மூன்று சட்ட விதிகளை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் தவறினால் வழக்கு உங்கள் பெயரிலும் வரும். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தைப் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவும், பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் அடையாளத்தைப் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவும், சட்டத்தோடு முரண்பட்ட சிறார்களின் அடையாளத்தைச் சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவும் வெளியிடத் தடுக்கின்றன. பெயரை மறைத்துவிட்டுப் பள்ளியின் பெயர்ப்பலகையையோ, வீட்டு வாசலையோ, தாயின் முகத்தையோ காட்டினாலும் அது அடையாளம் காட்டியதாகவே ஆகும். நேரலையில் திருத்த வழியில்லை. மைக்கை நீட்டுவதற்கு முன் ஒளிப்பதிவாளரிடம் எதைச் சட்டகத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்று சொல்லிவிடுங்கள்.

11. அங்கீகார அட்டை

அலுவலக அடையாள அட்டையும் அரசு அங்கீகார அட்டையும் வேறு வேறு. மாநில அரசின் அட்டையைச் செய்தி மக்கள் தொடர்புத் துறை வழங்குகிறது; விண்ணப்பம் உங்கள் ஆசிரியரின் பரிந்துரையோடு போக வேண்டும், மாவட்டங்களில் செய்தி மக்கள் தொடர்பு அலுவலரிடம் கொடுக்க வேண்டும். ஒரு நிறுவனத்துக்கு இத்தனை பேர் என்ற வரம்பு இருப்பதால் மூத்தவர்களுக்குப் பிறகே உங்கள் முறை வரும். மத்திய அரசின் அங்கீகாரத்துக்கு, 2022-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளின்படி, முழுநேரப் பத்திரிகையாளராகக் குறைந்தது ஐந்து ஆண்டு அனுபவம் வேண்டும். அந்த ஐந்து ஆண்டைக் காட்ட மேலே சொன்ன நியமனக் கடிதங்கள்தான் உதவும். பணம் வாங்கிக்கொண்டு பிரஸ் அட்டை தருகிறவர்களிடம் போகாதீர்கள். அந்த அட்டையோடு பிடிபட்டவரை எந்தச் செய்தி அறையும் மீண்டும் சேர்த்துக்கொள்ளாது.

12. நிறுவனம் மாறும்போது

இரண்டு, மூன்று ஆண்டில் பெரும்பாலோர் ஒருமுறை மாறுவார்கள். ஊதியம் கணிசமாக உயர்வதும் அப்போதுதான். விலகல் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பி, ஏற்றுக்கொண்டதற்கான பதிலைப் பெறுங்கள். அலுவலக மின்னஞ்சல் மூடப்படுவதற்கு முன் சம்பளச் சீட்டுகள், நியமனக் கடிதம், ஊதிய உயர்வுக் கடிதங்கள் எல்லாவற்றையும் உங்கள் சொந்த முகவரிக்கு அனுப்பிக்கொள்ளுங்கள். ஒளிபரப்பான உங்கள் செய்திகளின் இணைப்புகளை மாதந்தோறும் ஒரு கோப்பில் தேதியோடு சேர்த்து வையுங்கள். சில தொலைக்காட்சிகள் பழைய காணொளிகளை நீக்கிவிடுகின்றன.

கடைசி நாளில் விடுவிப்புக் கடிதத்தையும் அனுபவச் சான்றிதழையும் கையில் வாங்குங்கள், அதில் பதவியும் தேதிகளும் சரியா என்று அங்கேயே பாருங்கள். நாற்பத்தைந்து நாளுக்குள் நிலுவைத் தொகை வரவில்லையென்றால் மனிதவளப் பிரிவுக்கு எழுத்தில் நினைவூட்டுங்கள். வைப்பு நிதிக் கணக்கில் நீங்கள் விலகிய தேதியை நிறுவனம் பதிவு செய்திருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் இரண்டு மாதம் கழித்து நீங்களே இணையத்தில் பதிவு செய்யலாம். பழைய கணக்கிலிருந்து பணத்தை எடுத்துச் செலவழித்துவிடாமல், புதிய நிறுவனத்தின் கணக்குக்கு மாற்ற விண்ணப்பியுங்கள், யூ.ஏ.என். எண் ஒன்றே என்பதால், பணி ஆண்டுகள் அறுபடாமல் ஒரே தொடராகப் பதிவில் இருக்கும்.